பெஞ்சில் இல்லாத ஆள்

புதன்கிழமை தடுப்பூசி நாள். தேனி மாவட்டத்தில், மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்று, ஊர்ப்பெயர் வேண்டாம். அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க வந்த நான் பெஞ்சின் கோடியில் உட்கார்ந்திருக்கிறேன். மற்ற இடமெல்லாம் கைக்குழந்தையோடு பெண்கள். நர்ஸம்மாவின் மேஜையைச் சுற்றிப் பச்சைத் துணியில் ஒரு மறைப்பு உண்டு. ஆளைத்தான் அது மறைக்கும், பேச்சை அல்ல. உள்ளே கேட்கிற கேள்வியும் சொல்கிற பதிலும் பெஞ்சு முழுக்கக் கேட்கும். வீட்டில் ஒரு மாதிரியும் இங்கே ஒரு மாதிரியும் பேச இந்த ஊர்ப் பெண்ணுக்கு வழியில்லை.

முதலில் போனவளுக்கு இருபது, இருபத்தொன்று இருக்கும். இடுப்பில் பெண் குழந்தை, பக்கத்தில் மாமியார். கேள்வி மருமகளுக்கு, பதில் மாமியாரிடமிருந்து.

“அடுத்ததுக்குக் கொஞ்சம் இடைவெளி விடலாம்ல? காப்பர்-டி போட்டுக்கிறியாத்தா?”

“அது மேல ஏறி நெஞ்சுக்குப் போயிரும்ங்கிறாக. ஒரு பயலப் பெத்துட்டு ஒரேயடியா ஆப்ரேசன் பண்ணிக்கிரட்டும் நர்ஸம்மா.”

அட்டையைத் தேடி மாமியார் பைக்குள் கையை விட்ட நேரம் பார்த்து, “ரெண்டு வருசம் போகட்டும்க்கா” என்றாள் மருமகள், அவசரமாக. அட்டை கிடைத்துவிட்டது. பேச்சு ஊசிக்குப் போனது.

அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கோ இனி எப்போதுமோ பிள்ளை வேண்டாம் என்று நினைத்தும் எந்தக் கருத்தடை முறையையும் பயன்படுத்தாத மணமான பெண்களைத் தேசியக் குடும்பநல ஆய்வு தனியே கணக்கெடுக்கிறது. ‘நிறைவேறாத தேவை’ என்பது அந்தக் கணக்கின் பெயர். 2019-21 ஆய்வில் இந்தியா முழுவதும் இவர்கள் 9.4 சதவீதம். கணக்கெடுக்க வந்தவரிடம் மாமியார் இல்லாத நேரத்தில் பதில் சொல்ல முடிந்தவர்கள் எத்தனை பேரோ!

அடுத்தவள் ஏலத்தோட்டத்து வேலைக்காரி. கம்பம், போடிப் பக்கத்துப் பெண்கள் விடியுமுன்னே ஜீப்பில் ஏறி, மெட்டு தாண்டி இடுக்கித் தோட்டங்களுக்குப் போய், விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்புகிறவர்கள். நிலையம் திறக்கும்போது ஊரில் இல்லை. ஊருக்குத் திரும்பும்போது மேஜையில் ஆள் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுகிற ‘அந்தரா’ ஊசியை இவள் ஒரு தடவை போட்டிருக்கிறாள். அடுத்த தேதி தாண்டிவிட்டது. ஏன் வரவில்லை என்று கேட்டார் நர்ஸம்மா.

“ஒரு நாக் கூலி போகுதுல்ல” என்றவள், சற்று நிறுத்தித்தான் மிச்சத்தைச் சொன்னாள். “அந்த ஊசி போட்டதுலருந்து பதினஞ்சு நாளா கொஞ்சங்கொஞ்சமாப் பட்டுக்கிட்டே இருந்துச்சு. நாத்தனா கல்யாணத்துக்குக் கால் ஊன்றன்னைக்கு நான் தெருவுல நின்னேன். அப்புறம் பாத்தா ரெண்டு மாசமா வரவேயில்ல. கெட்ட ரத்தம் உள்ளயே தங்கிரும்னு எங்கம்மா அழுகுது.”

மருத்துவத்தில் இரண்டுமே எதிர்பார்த்ததுதான். இந்த ஊசிக்கு முதலில் தாறுமாறாகப் படுவதும், போகப்போக மாதவிலக்கு நின்றுபோவதும் சகஜம். கெட்ட ரத்தம் எதுவும் தங்குவதில்லை. ஊசியை நிறுத்தினால் சில மாதங்களில் பழைய நிலை திரும்பும். நர்ஸம்மாவும் இதைப் பொறுமையாகச் சொன்னார். ஊசி போட்ட அன்றைக்கே இது சொல்லப்பட்டிருந்தால் அவள் ஓரளவு தைரியமாக இருந்திருப்பாள். ஆனாலும் தீட்டுப் பார்க்கிற வீட்டில் பதினைந்து நாள் என்பதைப் பக்கவிளைவு என்று ஒரு சொல்லில் தாண்டிவிட முடியாது. சாமி அறை, அடுப்படி, விசேஷ வீடு எல்லாவற்றிலிருந்தும் ஒதுங்கி நிற்கிறாள். ஏன் என்று தெருவே கேட்கிறது. ரகசியமாக எடுத்துக்கொண்ட முடிவு அப்படித்தான் ஊருக்குத் தெரிகிறது.

ஒருத்திக்கு எட்டு மாதக் கைக்குழந்தை இருக்கும்போதே மறுபடி உண்டாகியிருந்தது. “பால் குடுத்துக்கிட்டுத்தான இருந்தேன், இன்னும் தூரமே ஆகலையே” என்று அரற்றினாள். தாய்ப்பால் காப்பது முதல் ஆறு மாதம்தான். அதுவும் குழந்தை வேறெதுவும் சாப்பிடாமல், தாய்க்கு மாதவிலக்கும் திரும்பாமல் இருந்தால். அவள் மடியில் இருந்த குழந்தை டீயில் நனைத்த பிஸ்கட்டைச் சப்பிக்கொண்டிருந்தது.

வாசலை ஒட்டிய சுவரில் ஆணுறைப் பெட்டி மாட்டியிருக்கிறது. யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். மருந்து வாங்குகிற வரிசை அத்தனை பேரும் பார்க்க எடுக்க வேண்டும் என்பதுதான் சங்கடம். வெளியே பைக்கில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் உள்ளே வந்தார், பெட்டியருகே நின்றார், டெங்கு விளம்பரத்தை முழுதாகப் படித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

இரண்டு பிள்ளை பெற்ற ஒருத்திக்கு ரத்தம் மிகக் குறைவு. இப்போதைக்கு ஆபரேஷன் கிடையாது என்றார் நர்ஸம்மா. “உங்க வீட்டுக்காரரக் கூட்டிட்டு வாயேன். சின்ன வேலைதான், அன்னைக்கே வீட்டுக்குப் போயிரலாம்.” பெஞ்சு மொத்தமும் சிரித்தது. “அவரா? சுமை தூக்குற ஆளு நர்ஸம்மா!” என்றாள் அவள். அவளும் மூட்டை சுமக்கிறவள்தான். அது அவள் உட்பட யாருக்கும் தோன்றவில்லை.

நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 ஓராண்டில் மட்டும் நாட்டில் 80 லட்சத்துக்கு மேல் கருத்தடை அறுவைகள் நடந்தன. பெரும்பாலும் ஆண்களுக்கு, பல இடங்களில் பிடித்துக்கொண்டு போய். அந்தப் பயத்துக்குப் பின் அரசுகள் ஆண்களை விட்டுவிட்டுப் பெண்கள் பக்கம் திரும்பிக்கொண்டன. தாத்தாவின் பயம் நியாயமானது. அப்போது பிறக்கவே இல்லாத பேரனுக்கும் அதே சலுகை தொடர்வதற்கு என்ன நியாயம்? 2019-21 கணக்கில் ஆண்கள் அறுவை செய்துகொண்ட தம்பதிகள் நாடு முழுக்க 0.3 சதவீதம். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேல் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். பெண்ணின் வயிற்றில் ஒரேயடியாக நிறுத்தத் தெரிந்த நமக்கு, அவள் கேட்கிற இரண்டு வருடத்தைத் தரத் தெரியவில்லை.

கடைசியாக வந்தவள் ஆபரேஷனுக்குத் தேதி கேட்டாள். வீட்டுக்காரர் திருப்பூரில். “அவர் கையெழுத்து வேணுமே, லீவுல வரட்டும்” என்று திருப்பி அனுப்பினார்கள். அவர் லீவில் வந்தபின் கையெழுத்து முதலில் வருமா, கரு முதலில் வருமா என்பது யாருக்குத் தெரியும்?

அரசின் வழிகாட்டு நெறிமுறைப்படி, கருத்தடை அறுவைக்கு வாழ்க்கைத் துணையின் சம்மதம் தேவையில்லை. காப்பர்-டிக்கும் ஊசிக்கும் மாத்திரைக்கும் அப்படியே. பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணுக்குச் சட்டப்படியான கருக்கலைப்பிலும் அவள் சம்மதம் மட்டும் போதும். கையெழுத்து இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட பெண் உங்கள் தெருவில் இருந்தால், இதை அவளிடம் சொல்லுங்கள்; முடிந்தால் அடுத்த முறை கூடவே போங்கள்.