கோட்டின் மேல் ஒரு தேதி

ஜூன் 2, திங்கள்

நூலகத்தின் செய்தி நறுக்குகளுக்கான தரவு வேலையில் இன்று முதலமைச்சர்கள் பட்டியலைக் கையில் எடுத்தேன். ஒரு நறுக்கைத் திறந்தால், அது அச்சான நாளில் கோட்டையில் யார் இருந்தார்கள் என்று தெரிய வேண்டும். நூலகர் கேட்டது அவ்வளவுதான்.

‘கருணாநிதி – வகித்த பதவி – தமிழ்நாடு முதலமைச்சர்’. தகவலை வலைப்பின்னலாக எழுதும் ஆர்டிஎஃப் முறையில் இது ஒரு ட்ரிபிள்: இரண்டு முனை, நடுவில் ஒரு கோடு. ஆனால் அவர் பதவியேற்றது ஐந்து முறை: 1969 பிப்ரவரி 10, 1971 மார்ச் 15, 1989 ஜனவரி 27, 1996 மே 13, 2006 மே 13. ஐந்து தடவை எழுதிச் சேர்த்தாலும் தரவுக் கிடங்கில் ஒரே ட்ரிபிள்தான் நிற்கும். ஆர்டிஎஃப் கிராஃப் என்பது ஒரு கணம். கணத்தில் ஒரே உறுப்பு இரண்டு முறை இடம்பெறாது.

தேதிகளைக் கருணாநிதி என்ற முனையில் மாட்டினால் அவை அவருடைய தேதிகள் ஆகிவிடும். முதலமைச்சர் என்ற முனையில் மாட்டினால் பதவியின் தேதிகள் ஆகிவிடும். இரண்டுமே சரியில்லை. தேதி அந்தக் கோட்டுக்குச் சொந்தம். கோட்டின் மேல் எழுதத்தான் இடமில்லை.

ஜூன் 3, செவ்வாய்

இந்தச் சிக்கல் ஆர்டிஎஃப் பிறந்தபோதே தெரிந்ததுதான். 1999-ல் வெளியான முதல் பரிந்துரையிலேயே ஒரு வழி இருக்கிறது, ரீஃபிகேஷன். கூற்றுக்கே ஒரு பெயர் வைத்துவிடுவது:

கூற்று1 – வகை – கூற்று
கூற்று1 – எழுவாய் – கருணாநிதி
கூற்று1 – பயனிலை – வகித்த பதவி
கூற்று1 – செயப்படுபொருள் – தமிழ்நாடு முதலமைச்சர்

பிறகு ஐந்தாவது வரியாகத் தொடக்கத் தேதி. ஒரு தேதி சொல்ல நான்கு வரி முன்னுரை! அதைவிட நுட்பமான சங்கதி ஒன்று உண்டு. இந்த நான்கு வரியும் சேர்ந்தாலும் ‘கருணாநிதி முதலமைச்சராக இருந்தார்’ என்று கிராஃப் சொன்னதாகாது. அப்படி ஒரு கூற்றைப் பற்றிப் பேசுகிறது, அவ்வளவே. உண்மை என்று சொல்ல மூல ட்ரிபிளைத் தனியாக எழுத வேண்டும். முதலில் எரிச்சலாக இருந்தது. மறுக்கப்பட்ட கூற்றையும் பதிவு செய்ய வேண்டுமென்றால் இந்த இடைவெளி தேவைதான்.

ஜூன் 5, வியாழன்

புதிதாகச் சேர்ந்த பெண் மதியச் சாப்பாட்டின்போது கேட்டாள்: “அண்ணா, ப்ராப்பர்ட்டி கிராஃபுக்குப் போயிட்டா கோட்டிலேயே தேதியை எழுதிடலாமே? எதுக்கு இவ்வளவு சுத்து?”

நியாயமான கேள்வி. நியோ4ஜே போன்ற தரவுத்தளத்தில் அதே இரண்டு முனைகளுக்கு நடுவே ஐந்து கோடு இழுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம், தனித் தொடக்கம், தனி முடிவு. யோசனையும் புதிதல்ல. 1976-ல் பீட்டர் சென் எழுதிய என்டிட்டி-ரிலேஷன்ஷிப் கட்டுரையிலேயே ஊழியருக்கும் திட்டத்துக்கும் இடையிலான உறவில், அதற்காக அவர் செலவிடும் நேரத்தின் சதவீதம் உட்கார்ந்திருக்கிறது. அது ஆளுடைய குணமும் இல்லை, திட்டத்தின் குணமும் இல்லை. இரண்டும் சேர்ந்த இடத்துக்கு உரியது.

“சரி, பதவிப் பிரமாணம் செய்து வைத்த ஆளுநரை எங்கே வைப்பாய்?” என்றேன். ஆளுநரும் ஒரு முனை. கோட்டிலிருந்து இன்னொரு கோடு கிளம்ப ப்ராப்பர்ட்டி கிராஃப் விடாது. பெயரை வெறும் எழுத்தாகக் கோட்டில் ஒட்டலாம். ஒட்டினால் அவரைத் தேடிப் போக வழியில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்போ கோட்டையே முனையாக்கணும்” என்றாள். அதேதான்.

ஜூன் 6, வெள்ளி

கோட்டை முனையாக்கும் முறைக்கு என்-அரி உறவு என்று பெயர். வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி 2006-ல் இதற்கென்றே ஒரு குறிப்பு வெளியிட்டிருக்கிறது. ‘பதவிக்காலம்’ என்று ஒரு முனை. அதிலிருந்து ஆளுக்கு ஒரு கோடு, பதவிக்கு ஒன்று, தொடக்கத்துக்கு ஒன்று, முடிவுக்கு ஒன்று, ஆளுநருக்கு ஒன்று. கருணாநிதிக்கு ஐந்து பதவிக்காலம், ஐந்து முனை.

ஏன் ஐந்தும் தனித்தனியாக நிற்க வேண்டும் என்பதை அவளுக்குக் காட்டினேன். ஐந்து தொடக்கத்தையும் ஐந்து முடிவையும் ஒரே கூற்றில் தொங்கவிட்டால் எதற்கு எது ஜோடி என்று இயந்திரத்துக்குத் தெரியாது. முதல் தொடக்கமான 1969-ஐ எடுத்துக் கடைசி முடிவான 2011-ஓடு சேர்த்தால் இடைவெளியே இல்லாமல் 42 ஆண்டு ஆட்சி. இந்தத் துறையில் அடிக்கடி சொல்லப்படும் உதாரணம் எலிசபெத் டெய்லரும் ரிச்சர்ட் பர்ட்டனும்: 1964-ல் கல்யாணம், 1974-ல் விவாகரத்து, 1975-ல் மறுபடி கல்யாணம், 1976-ல் மறுபடி விவாகரத்து. கணவன், மனைவி, உறவு மூன்றும் அதேதான்; திருமணம் மட்டும் இரண்டு.

ஜூன் 8, ஞாயிறு

லீவு நாளிலும் விட மனமில்லை. விக்கித்தரவைத் திறந்து உட்கார்ந்தேன். 2012 முதல் இயங்கும் இந்தத் தளத்தில் ஒவ்வொரு கூற்றுக்கும் மூன்று இணைப்பு உண்டு. தொடக்கம், முடிவு, முன் இருந்தவர், பின் வந்தவர் போன்றவை குவாலிஃபயர். எங்கிருந்து எடுத்தது என்பது மேற்கோள். பல கூற்றுகளில் எதை முன்னிறுத்துவது என்பது தரவரிசை.

குவாலிஃபயரையும் மேற்கோளையும் பிரித்து வைத்ததுதான் இதில் எனக்குப் பிடித்தது. 2011 கணக்கெடுப்பில் சென்னை மக்கள்தொகை 46,46,732. ஆண்டை எடுத்துவிட்டால் இந்த எண் தவறாகிவிடும். மாநகராட்சி எல்லை அதே ஆண்டு விரிந்ததால், எந்த எல்லைக்குள் எண்ணியது என்பதும் கூடவே வர வேண்டும். மேற்கோளை எடுத்துவிட்டால் எண் மாறாது. அதன் மேல் நமக்குள்ள நம்பிக்கைதான் குறையும்.

திருவள்ளுவரிடம் மேற்கோளின் வேலை புரிகிறது. தமிழ்நாடு அரசின் ஆண்டுக் கணக்கு அவர் பிறப்பை கி.மு. 31-ல் வைக்கிறது. தமிழறிஞர் கமில் சுவெலபில் குறளை கி.பி. 450-க்கும் 500-க்கும் இடையில் வைத்தார். இரண்டும் ஒரே கிடங்கில் சண்டையில்லாமல் இருக்கலாம், யார் சொன்னது என்பது கூடவே இருந்தால்.

ஜூன் 10, செவ்வாய்

ஆர்டிஎஃப்-ஸ்டார் பற்றிப் படித்தேன். 2014-ல் ஓலாஃப் ஹார்டிக்கும் பிரையன் தாம்ப்சனும் முன்வைத்தது: முழு ட்ரிபிளையே இன்னொரு ட்ரிபிளின் உள்ளே வைத்துவிடலாம். நான்கு வரி முன்னுரை போயிற்று. ஆனால் உள்ளே வைத்த ட்ரிபிள் எத்தனை இடத்தில் வந்தாலும் ஒன்றேதான். ஐந்து பதவிக்காலமும் மறுபடி கலந்துவிடும். ஆர்டிஎஃப் 1.2 இதைச் சரிசெய்கிறது. ட்ரிபிளுக்கும் குறிப்புக்கும் நடுவே ரீஃபையர் என்று ஓர் அடையாளம். ஒரே ட்ரிபிளுக்கு எத்தனை ரீஃபையர் வேண்டுமானாலும் வைக்கலாம்.

எங்கள் வேலைக்கு விதி எழுதிவிட்டேன். ஒரு தகவலை எடுத்தால் சொன்ன செய்தியே மாறுகிறதா? அது பதவிக்கால முனைக்குள் போகட்டும். நம்பிக்கை மட்டும் மாறுகிறதா? அது கூற்றின் மேல் குறிப்பாக ஏறட்டும். கருணாநிதியின் முதல் பதவிக்காலத்தைச் சில பட்டியல்கள் 1971 ஜனவரியில் முடிக்கின்றன, சில மார்ச் வரை நீட்டுகின்றன. முடிவுத் தேதிக் கூற்று இரண்டு. ஒவ்வொன்றின் மேலும் அந்தந்தப் பட்டியலின் பெயர்.

ஜூன் 12, வியாழன்

சோதனை. 1969 பிப்ரவரி 5 அன்று முதலமைச்சர் யார்? முதலமைச்சர் அண்ணாதுரை மறைந்தது 3-ஆம் தேதி, கருணாநிதி பொறுப்பேற்றது 10-ஆம் தேதி. விடை: நெடுஞ்செழியன், தன்மை: தற்காலிகம். எம்.ஜி.ஆர். மறைந்த 1987 டிசம்பரின் கடைசி வாரத்துக்கும் அதே பெயர், அதே தன்மை, வேறு பதவிக்காலம். கலக்கவில்லை.

1976 மார்ச் 1-க்குக் கேட்டோம். விடை காலி. “பக் போல இருக்கே அண்ணா” என்றாள். இல்லை, ஜனவரி 31-லேயே ஆட்சி கலைக்கப்பட்டுவிட்டது. ஆனால் நூலகருக்கு வெறும் காலியைக் காட்ட முடியாது. ஆள் இல்லை என்பது ஒன்று, எங்களிடம் தகவல் இல்லை என்பது வேறு. ஆகவே குடியரசுத் தலைவர் ஆட்சிக்கும் தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு முனை வேண்டும்: 1976 ஜனவரி 31 முதல் 1977 ஜூன் 30 வரை. 1988-89, 1991 இடைவெளிகளுக்கும் அப்படியே. நாளை அவள் அதைச் சேர்க்கிறாள். நான் ஆளுநர்கள் பட்டியலைத் தொடங்குகிறேன்.