ஏரிக்கரைப் பயணமும் ஒரு கணக்கேடும்

வழிப்பயணம் புறப்படுமுன் வழியறிந்தாரை நாடிக் கேட்பது தமிழரின் பழைய வழக்கம். அவ்வழக்கத்திற்கென்றே ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையை நம் முன்னோர் வளர்த்தனர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், நன்னனை நாடிச் செல்லும் கூத்தர்க்கு மலைவழியில் எங்கே பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், எங்கே கானவர் விடும் கவண்கல் பறந்து வரும், எங்கே கால் வழுக்கும் என்றெல்லாம் எடுத்துரைக்கின்றது. இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் அந்நூலை நடத்தி வந்த நான், என் குடும்பத்தை ஒரு காட்டு ஏரிக்கு அழைத்துச் செல்ல முற்பட்டபோதுதான், பயணத்தைத் திட்டமிடுவது எத்துணைப் பெரும் பணி என்பதை உணர்ந்தேன்.

நாங்கள் செல்லக் கருதிய இடம் தேக்கடி. மதுரையிலிருந்து தேனி, உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வழியாக மலையேறினால் குமுளி. அதனை அடுத்து ஏரி. அது இயற்கையாய் அமைந்த ஏரியன்று. மேற்கே ஓடி அரபிக் கடலில் கலந்த பெரியாற்றை, 1895ஆம் ஆண்டு பென்னிகுயிக் கட்டி முடித்த அணை தடுத்து நிறுத்தியதால் பிறந்த நீர்ப்பரப்பு. அந்நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பி, கம்பம் பள்ளத்தாக்கை நனைத்து, வைகையில் சேருகின்றது. அணைக்கு 1886இல் செய்யப்பட்ட குத்தகை 999 ஆண்டுகளுக்கு உரியது. நீர் தேக்கும் அளவு பற்றி இரு மாநிலங்களுக்கும் இடையே நெடுங்காலம் வழக்கு நடந்து, 142 அடி வரை தேக்கலாம் என 2014இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தமையும் யாவரும் அறிந்ததே.

அந்த நீரால் விளைந்த நெல்லை உண்டு வளர்ந்தவன் நான். உத்தமபாளையத்தை அடுத்த சிற்றூரில் என் அத்தாவுக்கு ஒன்றரை ஏக்கர் நன்செய் இருந்தது. சூன் மாதத்தில் அணை திறந்து வாய்க்காலில் புதுத்தண்ணீர் வரும் நாளில் அவர் என்னைக் கரைக்கு அழைத்துச் செல்வார். "இந்தத் தண்ணி எங்கேருந்து வருதுன்னு ஒரு நாளைக்கு உங்களையெல்லாம் கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன்" என்பார். ஏரி எங்கள் ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணமே. எனினும் அந்த நாள் வரவில்லை. 2011இல் அவர் மறைந்தார்.

எழுபத்தாறு வயதை எட்டிய அம்மா, சென்ற ஆண்டு ஒரு மாலைப் பொழுதில், "தேக்கடிய நான் பாக்கவே இல்லியேப்பா" என்று சொன்னார். அன்றிரவே திட்டமிடத் தொடங்கினோம்.

முதற்சிக்கல் என் மகனிடமிருந்து எழுந்தது. கூடாரம் ஒன்று வாங்கி ஏரிக்கரையிலேயே அடித்துத் தங்கவேண்டும், இரவில் தீ மூட்டிச் சமைக்கவேண்டும் என்பது அவன் கனவு. அது புலிகள் காப்பகம் என்பதையும், 1978 முதல் அவ்வாறு பாதுகாக்கப்படுகிறது என்பதையும், வனத்துறையின் இசைவும் வழிகாட்டியும் இன்றிக் காட்டுக்குள் எவரும் தங்க இயலாது என்பதையும் விளக்கினேன். வனத்துறையே நடத்தும் கூடாரப் பயணம் ஒன்று அங்குண்டு. ஒரு காலத்தில் அதே காட்டில் திருட்டு வேட்டையாடியவர்களே இன்று அதற்கு வழிகாட்டிகளாய் விளங்குகின்றனர் என்பது எண்ணி மகிழத்தக்க செய்தி. ஆனால் முழங்கால் வலியுடைய அம்மா அவ்வழியில் நடத்தல் இயலாது. ஆகவே குமுளியில் விடுதியில் தங்குவது, இளையோர் மட்டும் என் மைத்துனருடன் காலையில் வழிகாட்டியோடு நடந்து வருவது, அனைவரும் சேர்ந்து படகில் செல்வது என முடிவாயிற்று.

இரண்டாம் சிக்கல் காலத்தைப் பற்றியது. சூன் முதல் மழையும் அட்டையும் மிகுதி. கோடையில் விலங்குகள் நீர் தேடிக் கரைக்கு வரும் எனினும், அப்போது கல்லூரித் தேர்வுகள் குறுக்கிட்டன. பொங்கல் விடுமுறை எல்லார்க்கும் பொருந்திற்று. ஆனால் சனவரி 14 அளவில் மகரவிளக்கிற்குச் செல்லும் ஐயப்ப அன்பர்களால் குமுளிச் சாலை நிரம்பி வழியும். எனவே 17ஆம் நாள் புறப்படுவது என வைத்துக்கொண்டோம்.

மூன்றாம் சிக்கலை என் துணைவியார் எழுப்பினார். 2009 செப்டம்பர் 30 அன்று அந்த ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை அவர் மறக்கவில்லை. "அம்மாவும் பிள்ளைகளும் நீந்தத் தெரியாதவர்கள், படகு வேண்டாம்" என்றார். அவ்வச்சம் நியாயமானது. இரண்டு நாள் பேசிய பின்னர் மூன்று விதிகளை வகுத்தோம். உயிர்காப்பு உடுப்பு அணியாமல் எவரும் ஏறலாகாது. கூட்டம் மிகுந்திருப்பின் திரும்பி வந்துவிட வேண்டும். யானையே தென்பட்டாலும் இருக்கையை விட்டு எழலாகாது. இவற்றை என் மகள் ஒரு தாளில் எழுதி அனைவரிடமும் கையொப்பம் வாங்கினாள்.

எட்டுப் பேருக்கு வண்டி, எல்லை கடக்க அதற்கு அனுமதிச் சீட்டு, அம்மாவின் மருந்துகள், குளிருக்குக் கம்பளி, தொழுகை விரிப்பு, கட்டுச்சோறு எனப் பட்டியல் நீண்டது. பழைய கம்பளியைத் தேடி அத்தாவின் தகரப் பெட்டியைத் திறந்தபோது அவருடைய கணக்கேடு ஒன்று கிடைத்தது. உர விலை, கூலி, கடன் ஆகியவற்றின் நடுவே 1997ஆம் ஆண்டின் ஒரு பக்கம். "தேக்கடி - 5 பேர்" என்று தலைப்பிட்டிருந்தார். பேருந்துக் கட்டணம், படகுச் சீட்டு, புளிச்சோறு, பிள்ளைகளுக்குத் தின்பண்டம் என வரிசையாய் எழுதி, 410 ரூபாய் எனக் கூட்டியும் வைத்திருந்தார். அப்பக்கம் முழுவதும் குறுக்கே கோடிட்டு அடிக்கப்பட்டிருந்தது. கீழே ஒரே வரி: "தம்பி காலேஜ் சேர்க்கை."

அந்தத் தம்பி நான். அவர் அடித்துவிட்ட பயணத்தின் பணத்தில்தான் நான் தமிழ் படித்தேன். அம்மாவிடம் அப்பக்கத்தைக் காட்டினேன். "ஆமாப்பா, அந்த வருசம் கெளம்பத்தான் இருந்தோம்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

குறித்த நாளில் வைகறைத் தொழுகை முடித்துப் புறப்பட்டோம். கூடலூர் தாண்டி, லோயர் கேம்ப்பில் பென்னிகுயிக் மணிமண்டபத்தின் முன் சற்று நின்றோம். மருதத்திலிருந்து குறிஞ்சிக்கு ஏறும் அந்த மலைச்சாலையில், நீரைக் கீழே இறக்கும் பெருங்குழாய்களை அம்மா கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

படகில் ஏறியதும் உயிர்காப்பு உடுப்பை என் மகளே அவருக்கு அணிவித்தாள். தொலைவில் கரையோரம் காட்டெருமைகள் சில மேய்ந்தன. விதிப்படி நாங்கள் எவரும் எழவில்லை. அம்மாவின் பார்வையோ நீர்நடுவே கறுத்து நின்ற பட்டமரங்களின்மேல் நிலைத்திருந்தது. அணையில் நீர் தேங்கியபோது மூழ்கிய காட்டின் எஞ்சிய அடிமரங்கள் அவை. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு நீர்க்காகம் சிறகை உலர்த்திக்கொண்டிருந்தது.

"நமக்குத் தண்ணி வர்றதுக்காக இந்த மரமெல்லாம் முங்கிச்சாப்பா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா" என்றேன்.

நெடுநேரம் கழித்து, "உங்கத்தா வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார்.

அன்றிரவு விடுதியில் அக்கணக்கேட்டின் அதே பக்கத்தில், அவர் இட்ட கோட்டின் கீழே, அன்றைய தேதியை எழுதி, "தேக்கடி - 8 பேர்" என்று குறித்தேன்.

மாணவச் செல்வங்களே! உங்கள் கல்லூரிச் சேர்க்கைக்காகக் கோடிட்டு அடிக்கப்பட்ட ஒரு பக்கம் உங்கள் இல்லத்திலும் இருக்கக்கூடும். அது ஒரு பயணமாக இருக்கலாம், ஒரு நகையாக இருக்கலாம், ஒரு மருத்துவமாகவும் இருக்கலாம். பெற்றோர் அதனை எடுத்துச் சொல்லமாட்டார்கள். அவர்கள் கைக்கெட்டும் தொலைவில் இருக்கும்போதே கேட்டறியுங்கள். நான் என் அத்தாவைப் பொறுத்தவரை காலம் கடந்து திட்டமிட்டவன். நீங்கள் அவ்வாறு ஆகவேண்டா.