வாடையும் வடையும்

பருத்தித்துறைக்கு இரண்டு பெருமைகள் உண்டு. ஒன்று வடை, மற்றது வாடை. தட்டையாகத் தட்டி, மொறுமொறுவென்று சுட்டெடுத்து, போத்தலில் இட்டு மூடிவைத்தால் நாட்கணக்கிற் கெடாதிருக்கும் அவ்வடை, கொழும்புக்கும் அதற்கு அப்பாற் கடல் கடந்த ஊர்களுக்கும் பிரயாணிகளின் பைகளிலே சென்றுகொண்டிருக்கிறது. வாடை அப்படியன்று. அதனை அநுபவிக்க விரும்புவோர் இலங்கையின் வடமுனைக்கு நேரிலேதான் வருதல் வேண்டும். எழுத்தளவில் இரண்டுக்கும் இடையே ஒரு கால்தான் வித்தியாசம். கால் என்பதற்குக் காற்று என்றும் பொருளுண்டு என்பதைத் தமிழறிந்த வாசகர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

ஐப்பசி பிறந்த பின்னர் ஒரு வாரம் அங்கே தங்கியிருக்க நேர்ந்தது. உல்லாசமாகப் போகவில்லை. பெரியப்பா காலமாகி இரண்டு வருடங்கள் ஆகிவிட்டன. அவருடைய மக்கள் இருவரும் கனடாவில் இருக்கிறார்கள். பூட்டிக் கிடக்கும் வீட்டை விற்றுவிடலாம் என்றும், வாங்க ஒருவர் முன்வந்திருக்கிறார் என்றும், நாம் போய் வீட்டுச் சாமான்களை ஒழுங்குபடுத்தி ஆளையும் பார்த்து வரவேண்டும் என்றும் அவர்கள் கேட்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து இருபது மைலுக்குச் சற்று மேற்பட்ட தூரம். பஸ்ஸில் யன்னலோரம் இடம் கிடைத்தது. அது அதிர்ஷ்டம் என்று எண்ணினோம். வல்லை வெளியை அடைந்ததும் சாரல் அடித்தது. யன்னற் கண்ணாடியோ இறங்க மறுத்தது. அதிர்ஷ்டத்தைப் பற்றிய எமது அபிப்பிராயம் அவ்விடத்திலேயே மாறியது.

வடமராட்சியார் காலத்தைக் கணிப்பது காற்றைக் கொண்டே. தென்மேற்கிலிருந்து வருவது சோளகம். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்குக் காற்று கொண்டல். மேற்குக் காற்று கச்சான். சோளகம் தன் மழையெல்லாவற்றையும் தெற்கே மலைநாட்டிற் கொட்டிவிட்டு, வெறுங்கையுடன் புழுதியை அள்ளிக்கொண்டு வரும் விருந்தாளி. ஆனால் அக்காலத்தில் இவ்வடகரைக் கடல் குளம்போற் கிடக்கும். வாடை எழுந்தால் மழை வரும், கிணறு நிறையும், தோட்டம் பச்சை பிடிக்கும். கடலோ கரையை அறையத் தொடங்கும். ஆகவே, தோட்டக்காரன் வணங்கும் காற்றை மீன்பிடிகாரன் வைவான். ஒரே ஊரில் ஒரே காற்றுக்கு அர்ச்சனையும் வசவும் ஒருங்கே கிடைப்பதை நாம் வேறெங்கும் கண்டதில்லை.

வீட்டைத் திறந்ததும் நாம் முதலிற் கண்டது பெரியப்பாவின் சாய்மனைக் கதிரை. அதற்குப் பின்னால், சுவரோரமாக, கயிற்றினாற் கட்டப்பட்ட கலண்டர்த் தாள்கள். நாளுக்கொன்றாகக் கிழிக்கும் கலண்டரின் தாளைப் பெரியப்பா எறிவதில்லை. அதன் பின்புறத்தில் அன்றைய காற்று, மழை, கிணற்றுத் தண்ணீரின் அளவு, அதன்மேல் மனத்திற்பட்டது ஏதேனும் ஒரு வரி எழுதி வைப்பார். 1964ஆம் ஆண்டு மார்கழி 22, 23ஆந் தேதிகளில் அடித்த பெரும் புயலே இதற்குக் காரணம் என்று அவர் சொல்வதுண்டு. வட இலங்கையைக் குலைத்து, அப்பாற் சென்று தனுஷ்கோடியைக் கடல் கொள்ளச் செய்த புயல் அது. முதல் நாள் மாலை, "இது வழமையான வாடைதான்" என்று ஊரிலுள்ள பெரியவர்கள் சொன்னார்களாம். மறுநாள் வீட்டுக் கூரை மூன்று வளவுக்கு அப்பாற் கிடந்ததாம். வழமை எது என்று எழுதி வைத்தாலன்றோ வழமையில்லாதது தெரியும் என்று, 1965 தை முதலாந் தேதி தொடங்கினார்.

1973ஆம் ஆண்டுத் தாள்கள் மாத்திரம் கட்டில் இல்லை. அவற்றிற்குப் பதிலாக ஒரு துண்டு: "1973ஆம் வருட மழை முழுவதும் ஆட்டின் வயிற்றிலே."

அவருடைய மழைமானியையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. முற்றத்தில் ஒரு ஹோர்லிக்ஸ் போத்தல். அதன் வாயில் ஒரு தகர வைத்தூற்றி. போத்தலின் பக்கத்தில் அங்குலக் கோடுகள். இதில் விழும் மழையை இருபது வருடம் வரையில் அப்படியே எழுதி வந்தார். பின்னர் விடுமுறைக்கு வந்த மருமகப்பிள்ளை ஒருவர், கணிதம் படிப்பித்தவர், வைத்தூற்றியின் வாயை அளந்தார், ஆறு அங்குலம். போத்தலை அளந்தார், மூன்று அங்குலம். வாயின் அகலம் இரு மடங்கானால் அது ஏந்தும் பரப்பு நான்கு மடங்காகும். எனவே பெரியப்பாவின் மழை யாவும் நாலுக்கு ஒன்று! ஓரங்குல மழையை நாலங்குலமென்று இருபது வருடம் எழுதியிருக்கிறார். பழைய தாள்களைத் திருத்தும்படி சொன்னபொழுது அவர் மறுத்துவிட்டார். "மழைக்கு நாலு மடங்கு மரியாதை குடுத்ததாலை ஆருக்கு என்ன நட்டம்?" என்றாராம். அன்று முதல் ஒவ்வொரு தாளிலும் எண்ணுக்குப் பக்கத்தில் "÷4" என்ற குறி மாத்திரம் விழத் தொடங்கியது.

2008 நவம்பர் 25ஆந் தேதித் தாளை நாம் ஆவலுடன் தேடினோம். நிஷாப் புயலின்போது யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் ஓரடிக்கு மேல் மழை பெய்த தினம் அது. நாலு மடங்கென்றால் போத்தல் நாலடி உயரமாக இருந்திருக்க வேண்டும். அதில் இரண்டே சொற்கள்: "போத்தல் போதாது."

புதன்கிழமை காலையில் வானம் வெளுத்திருக்கக் கண்டு குடையின்றிப் புறப்பட்டோம். தும்பளைப் பக்கம் சென்றபொழுது கொண்டல் திடீரென்று இருட்டிக்கொண்டு வந்தது. ஓடிப்போய்த் தெருமூடி மடத்தில் ஏறினோம். பிறவூரார் இதனை அறியமாட்டார்கள். பெயருக்கேற்பத் தெருவையே மூடி நிற்கும் மடம் இது. தெருவின் இரு பக்கமும் கற்றூண்கள், திண்ணைகள், மேலே கூரை, நடுவாலே பாதை. வழிப்போக்கன் தெருவை விட்டு விலகாமலே இளைப்பாறலாம். எமக்கு முன்னரே அங்கே இரண்டு சைக்கிள்காரரும், மீன்கூடையுடன் ஒருவரும், ஓர் ஆடும் மழைக்கு ஒதுங்கியிருந்தனர். மீன்காரர் எம்மைப் பார்த்து, "வெளியூரோ?" என்றார். எப்படிக் கண்டுபிடித்தீர் என்றோம். "ஊராக்கள் இந்த மாசம் வானத்தைப் பார்த்துக் குடை எடுக்கிறேல்லை, காற்றைப் பார்த்துத்தான்" என்றார். ஆடு எமது சட்டைப் பையை மோப்பம் பிடித்தது. பெரியப்பாவின் 1973ஆம் ஆண்டு எமக்கு ஞாபகம் வந்தது. பையை இறுகப் பிடித்துக்கொண்டோம்.

இனிக் கிணற்றின் விஷயத்துக்கு வருவோம். அதுவே நாம் சென்ற காரியத்தின் முடிச்சு.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஓடும் ஆறு இல்லை. தரைக்குக் கீழே சுண்ணாம்புக் கல். கல்லின் பொந்துகளிலே தேங்கி நிற்கும் மழைத் தண்ணீரே எமது முழுச் சொத்து. கடல்நீர் கனமானது, நன்னீர் இலேசானது. ஆதலால் நிலத்தினடியில் உவர்நீரின்மேல் நன்னீர் ஒரு வில்லைபோல மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பதடிக்கு நன்னீர் உண்டென்பது கணக்கு. இலாபம் என்று மகிழ வேண்டாம். அதே கணக்கின்படி மேலே ஓரடி குறைந்தாற் கீழேயிருந்து உவர் நாற்பதடி ஏறிவரும். புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை எல்லாரும் அறிவர். துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் மனிதனின் கால் வலித்தது, இறைப்பும் நின்றது. மோட்டருக்குக் கால் வலிப்பதில்லை.

பெரியப்பா வீட்டுக் கிணறு பங்குக் கிணறு. நாலு வளவுகளுக்குப் பொது. உறுதியிலே வீட்டு நிலத்தோடு "கிணற்றிற் பங்கும் வழி வாய்க்காற் பாத்தியமும்" என்று எழுதப்பட்டிருக்கிறது. வாங்க வந்தவர் நல்ல மனிதர், பேச்சில் குறையில்லை. வளவு நிறைய அறைகள் கட்டி, வரும் பிரயாணிகளுக்கு வாடகைக்கு விடப்போகிறாராம். தண்ணீருக்கு என்ன செய்வீர் என்று கேட்டோம். "கிணறு இருக்குத்தானே, பெரிய மோட்டர் ஒண்டு பூட்டினாற் சரி" என்றார்.

அன்று பின்னேரம் அடுத்த வளவு ஆச்சி வந்தார். எண்பது வயது கடந்தவர், மற்றொரு பங்குக்காரர். தண்ணீர் அள்ளி ஒரு செம்பில் எம்மிடம் நீட்டி, "குடிச்சுப் பாரும் தம்பி" என்றார். குடித்தோம். நாக்கின் ஓரத்தில் இலேசாக ஒரு கரிப்பு.

"உம்மடை பெரியப்பா விடியக் காலமை கயிறு விட்டுப் பார்த்து, தண்ணி குறைஞ்சால் நாலு வீட்டுக்கும் வந்து சொல்லுவார். இண்டைக்கு மோட்டர் போடாதையுங்கோ எண்டுவார். இப்ப சொல்ல ஆளில்லை. ஆளாளுக்கு இறைக்கினம். மாரி வந்தால் மாறுமெண்டு இருக்கிறன்" என்றார். விற்பனையைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எமக்கு விடை சொல்வது சுலபமாயிருந்திருக்கும்.

இரவு நித்திரை வரவில்லை. தாள்க்கட்டை மறுபடியும் அவிழ்த்தோம். நாம் தேடியது 1995ஆம் ஆண்டு. அவ்வருடம் ஒக்டோபர் 30ஆந் தேதி, வலிகாமத்து மக்கள் ஏறக்குறைய முழுவதுமாக வீடுவாசலை விட்டு, மழையிலே தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் நடந்த நாள். பெரியப்பாவின் நவம்பர் 2ஆந் தேதித் தாள் இவ்வாறு இருந்தது: "வாடை. இரவெல்லாம் மழை. வீட்டில் 31 பேர். தண்ணீர் ஏழு முழம். காணும்."

அந்த முப்பத்தொரு பேரில் நாமும் ஒருவர். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, சேறு அப்பிய கால்களுடன் அந்தப் படலையைத் திறந்தது நேற்றுப்போல் இருக்கிறது. ஆளுக்கு இரண்டு வாளிதான் என்று பெரியப்பா கிணற்றுக்கட்டில் நின்று கணக்குப் பார்த்தார். மூன்றாம் வாளி அள்ள முயன்று பிடிபட்டவர் அவருடைய சொந்த மகனே. இன்று கனடாவிலிருந்து வீட்டை விற்கச் சொல்பவரும் அவரே. மழை பெய்துகொண்டிருக்கும்போது தண்ணீருக்கு ஏன் இந்தக் கணக்கு என்று நாம் எல்லாரும் அன்று உள்ளுக்குள் முணுமுணுத்தோம். அவர் மாதக்கணக்கை எண்ணிக்கொண்டிருந்தார் என்பது எமக்குத் தெரியாது. மறு பங்குனி வரை அக்கிணறு அத்தனை பேருக்கும் குடிக்கக் கொடுத்தது.

இன்னொரு தாளையும் பார்த்தோம். 2004 டிசம்பர் 26. "போயா. காற்று இல்லை. மழை இல்லை. வானம் சுத்தம்." அதன் கீழே வேறு மையினால்: "இதை எழுதியது காலை ஆறு மணிக்கு." கடல் வந்தது அதற்குப் பின்னர். மணற்காட்டுப் பக்கம் அவருக்குத் தெரிந்தவர்கள் பலர் இருந்தனர். அதன்பின் பதினொரு நாட்களுக்குத் தாள்கள் வெறுமையாகக் கிடந்தன. பன்னிரண்டாம் நாள் மறுபடியும்: "வாடை. தண்ணீர் ஒன்பது முழம்."

வெள்ளிக்கிழமை கனடாவுக்குத் தொலைபேசியிற் பேசினோம். விலை என்ன சொல்கிறார் என்று அண்ணர் கேட்டார், சொன்னோம். நல்ல விலை என்றார். பின்பு 1995ஆம் ஆண்டுத் தாளை வாசித்துக் காட்டினோம். மறுமுனையில் நெடுநேரம் சத்தமில்லை. தொடர்பு அறுந்துவிட்டது போலும் என்று நாம் எண்ணிய சமயத்தில், "மூண்டாம் வாளியைப் பற்றி எழுதியிருக்கிறாரோ?" என்று கேட்டார். இல்லை என்றோம். "அப்ப சரி" என்றார். வருகிற சித்திரையில் தாம் நேரில் வந்து பங்குக்காரர் நால்வரையும் கூட்டிப் பேசுவதாகவும், அதுவரை யாருக்கும் வாக்குக் கொடுக்கவேண்டாமென்றும் சொல்லி வைத்தார். வாங்க வந்தவருக்கு இதனைச் சொன்னபொழுது, அவர் முகம் கோணவில்லை. ஆனால் சித்திரை வரை காத்திருக்க முடியாது என்றார். நல்ல விலை கை நழுவியது பற்றி எமக்கும் சிறிது கலக்கம்தான். அண்ணர் சித்திரையில் வேறு விதமாக நினைக்கவும் கூடும்.

சனி இரவு வாடை முறையாக எழுந்தது. பனைகள் ஒன்றோடொன்று உரசும் ஓசையும், தவளைகளின் கச்சேரியும், அப்பாற் கடலின் இரைச்சலுமாக விடியும் வரை ஒரே முழக்கம். ஞாயிறு காலையில் ஆச்சி கயிற்றுடன் கிணற்றடியில் நின்றார். முடிச்சுப் போட்ட பெரியப்பாவின் கயிறு. இத்தனை காலமும் அவரிடம்தான் இருந்திருக்கிறது. நாம் விட்டுப் பார்த்தோம். பின்னர், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டபடியால், ஒரு பொட்டலம் வடையைப் பையில் வைத்துக்கொண்டு, சுவரிலிருந்த இவ்வருடக் கலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து அவசரமாக எழுதினோம்:

"வாடை. இரவு நல்ல மழை. போத்தலில் ஆறங்குலம் ÷4. தண்ணீர் நாலரை முழம். ஆச்சி பார்த்துக்கொள்வார்."