மங்களம் வரை இருக்க ஓர் அறை

டிசம்பர் பிறந்துவிட்டால் சென்னைவாசிகள் கார் காராக ஏற்காட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கும் கீழே, அடிவாரத்தில் குடியிருக்கும் எங்களுக்கு இது ஒரு வேடிக்கை. ஏனென்றால், அதே நாட்களில்தான் நாங்கள் பெட்டி படுக்கையோடு எதிர்த் திசையில் சென்னைக்குப் புறப்படுகிறோம். அவர்களுக்குப் பனி வேண்டும். எங்களுக்குப் பாட்டு வேண்டும்.

"பட்டணத்தில் இத்தனை உறவுக்காரர்கள் இருக்கும்போது ஹோட்டல் எதற்கு? தண்டச் செலவு!" என்று உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள். சொன்னவர் ஆண்பிள்ளையாகத்தான் இருப்பார். உறவினர் வீட்டில் அவருக்கு என்ன குறை? கூடத்தில் சாய்ந்துகொண்டு பத்திரிகை படிக்கலாம். சரியான நேரத்துக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு சபாவுக்குக் கிளம்பலாம். நம் கதை அப்படியா? பிற்பகலில் இளம் வித்துவான்கள் பாடும் நேரத்தில், "கொஞ்சம் இந்த வெங்காயத்தை உரித்துக் கொடேன்" என்பார்கள். நாலு மணிக்கு டிபன் வேலை. மாலைக் கச்சேரிக்கு ஓடிப்போய் உட்கார்ந்தாலோ, தனி ஆவர்த்தனம் ஆரம்பிக்கும்போதே மனசு கடிகாரத்தைப் பார்க்கும். கேட்டைப் பூட்டாமல் நமக்காக ஒருவர் விழித்திருக்கிறாரே!

என் மாமியாருக்கு எழுபத்திரண்டு வயது. திருச்சி வானொலியைக் கேட்டே ராகம் கண்டுபிடிக்கப் பழகியவர். ஐந்தாறு முறை சீஸனுக்குப் போயிருக்கிறார். ஆனால் ஒரு தடவையாவது அரங்கத்தில் உட்கார்ந்து மங்களம் கேட்டதில்லை. போன வருஷம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னார். குறையாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குத்தான் என்னவோ செய்தது. இப்போது முழங்கால் வலி வேறு. இன்னும் எத்தனை டிசம்பர் காத்திருப்பது?

"அத்தை, இந்தத் தடவை ஹோட்டல்தான்" என்றேன்.

"அப்படியானால் நல்ல ஹோட்டலாகப் பார், கண்ணு. வாசலில் ஸல்யூட் அடிக்கிறவன் இருக்கணும்" என்றார்!

ஸல்யூட் அடிக்கும் ஹோட்டல்களுக்குச் சென்னையில் பஞ்சமில்லை. அண்ணா சாலைப் பக்கம் கன்னிமரா இருக்கிறது. பெயரைக் கேட்டால் நம் ஊர்க் கன்னிமார் கோயில் ஞாபகம் வரும். உண்மையில் அது 1886 முதல் 1890 வரை சென்னை கவர்னராக இருந்த கன்னிமரா பிரபுவின் பெயர். பார்க்க வேண்டிய கட்டடம்தான். ஆனால் கச்சேரிக்குப் போகிறவளுக்கு இரவு ஒன்பதரை மணிக்கு அங்கே திரும்ப வண்டி வேண்டும். சபா கலைந்து கூட்டம் முழுவதும் ஒரே சமயத்தில் ஆட்டோவைத் தேடும் நேரம் அது. கைபேசியில் அழைத்தால் வரும் வண்டிகூட அப்போது சுலபமாக வருவதில்லை.

ஆகவே சகோதரிகளே, முதலில் சபாவைத் தீர்மானியுங்கள், ஹோட்டல் அப்புறம். மியூசிக் அகாடமிதான் உங்கள் குறி என்றால் மயிலாப்பூர் டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில் தேடலாம். நியூ உட்லண்ட்ஸ் அங்கேதான் இருக்கிறது. அகாடமிக்கு நடந்தே போகலாம். டி.டி.கே. சாலையில் நாரத கான சபாவும் பக்கம். தமிழ் இசைச் சங்கத்தின் விழாவுக்குப் போகிறவர்களுக்கு இந்த இடம் உதவாது; ராஜா அண்ணாமலை மன்றம் ஊரின் வடகோடியில், ஐகோர்ட்டுப் பக்கம் அல்லவா இருக்கிறது!

அகாடமி 1928-ல் பிறந்தது. முந்திய வருஷம் சென்னையில் காங்கிரஸ் மகாநாடு கூடியபோது நடந்த சங்கீத மகாநாடுதான் அதற்கு வித்து. இப்போதுள்ள அரங்குக்கு 1955-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1962-ல் திறந்தார்கள். அங்கே சங்கீத கலாநிதி பட்டம் பெற்ற முதல் பெண்மணி எம்.எஸ். சுப்புலட்சுமி, அது 1968-ல். மேடையில் பாடும் பெண்ணே அத்தனை வருஷம் காத்திருந்தாள் என்றால், கீழே உட்கார்ந்து கேட்பவள் வெங்காயம் உரித்ததில் ஆச்சரியம் என்ன?

ரயிலையும் யோசிக்க வேண்டும். நம் மலையின் பெயரை வைத்துக்கொண்டு மலைப்பக்கமே வராத ஏற்காடு எக்ஸ்பிரஸ், சேலத்தில் இரவு ஏற்றிக்கொண்டு பொழுது விடியுமுன்பே ஸென்ட்ரலில் இறக்கிவிடும். பல ஹோட்டல்களில் பகல் பன்னிரண்டுக்குத்தான் அறை கொடுப்பார்கள். இருபத்து நாலு மணி நேரக் கணக்கு வைத்திருக்கும் இடமா என்று முன்பே கேளுங்கள். முன்னொரு சமயம் ஒரு பெரிய ஹோட்டலில் வரவேற்புக்கூடத்து ஸோபாவில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்து, அந்தப் பளிங்குத் தரையின் பூக்களை எண்ணி முடித்தேன்.

"காலை உணவு இலவசம்" என்பதில் மயங்காதீர்கள். அகாடமியில் காலை எட்டு மணி சுமாருக்கே விளக்க உரைகள் தொடங்கிவிடும். தவிர, சபா காண்டீனை விட்டுவிட்டு ஹோட்டலில் ரொட்டியும் ஜாமும் தின்கிறவர்களை நான் கண்டதில்லை. இன்னொரு கணக்கு: நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. 18 சதவிகிதம். அதற்குள் என்றால் வரி குறைவு. நாலு நாள் தங்கினால் அந்த வித்தியாசத்தில் ஒரு நல்ல டிக்கெட்டே வாங்கலாம்.

நாங்கள் அந்த வட்டாரத்திலேயே ஓர் அறை பிடித்தோம். லிப்ட் இருந்தது, குளியலறையில் வழுக்காத தரை, வெந்நீர். ஸல்யூட்டும் உண்டு! மாமியார் ஒவ்வொரு தடவையும் நின்று பதில் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவார். அறைச் சாவியை என்னிடம் தரவே இல்லை, இடுப்பில் செருகிக்கொண்டார்.

மூன்றாம் நாள் இரவு. தனி முடிந்ததும் பக்கத்து வரிசைகளில் பாதி எழுந்து போயிற்று. அத்தை அசையவில்லை. துக்கடாக்கள் ஆயின. மங்களம் தொடங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். திரை விழுந்த பிறகும் சற்று நேரம் விடவில்லை. சாலையில் மெள்ள மெள்ள நடந்து வந்தோம். யாருக்கும் நாங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை.

அறையை நவம்பரிலேயே பதிவு செய்துவிடுங்கள். உறவினர்களைப் பார்க்காமல் திரும்பவும் வேண்டாம். வருஷம் முழுவதும் சொல்லிக் காட்டுவார்கள். சபா காண்டீனுக்கே வரச் சொல்லிவிடுங்கள். அடை அவியலுக்கு நாமே காசு கொடுத்துவிட்டால் பாதிக் கோபம் அங்கேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்கு ஏற்காட்டுக் காப்பித் தூள் கால் கிலோ கையோடு கொண்டுபோங்கள்.