"ஃப்ளாப்பி எங்கே?" - ஒரு நீல கம்ப்யூட்டரும், அதைப் பார்த்து உலகம் கேட்ட கேள்விகளும்!

கம்ப்யூட்டர் என்றால் ஒரே நிறம்தான். வெள்ளையும் இல்லை, மஞ்சளும் இல்லை, சாம்பலும் இல்லை. மூன்றும் கலந்து அழுக்கேறியது போல ஒரு நிறம். மேஜை மேல் ஒரு மானிட்டர், பக்கத்தில் ஒரு பெட்டி, பின்னால் பாம்புக் குட்டிகள் மாதிரி சுருண்டு கிடக்கும் வயர்கள். 1998-ல் உலகம் முழுக்க வீட்டிலும் அலுவலகத்திலும் இருந்தது இதுதான்.

அந்த ஆண்டு மே 6-ம் தேதி, அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணத்தில் இருக்கும் குப்பர்டினோ நகரில், ஒரு கல்லூரி அரங்க மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு துணியை விலக்கினார். உள்ளே இருந்தது, கடல் நீல நிறத்தில், உள்ளிருக்கும் பாகங்கள் மங்கலாகத் தெரியும் ஒரு பிளாஸ்டிக் உருண்டை. மானிட்டரும் கம்ப்யூட்டரும் ஒன்றாகவே இருந்தன. பெயர் ஐமேக்.

கைதட்டல் பலமாகத்தான் இருந்தது. ஆனால் கைதட்டல் அடங்கியதும் கேள்விகள் ஆரம்பித்தன. அதில் முதல் கேள்வி, "இதுல ஃப்ளாப்பி எங்கே போடுறது?"

மூழ்கும் கப்பலில் ஒரு நீலப் பெட்டி

அந்தக் கேள்விகளின் சூடு புரிய வேண்டுமானால், ஆப்பிள் நிறுவனம் அப்போது இருந்த நிலைமை தெரிய வேண்டும். இன்று ஐபோனை வைத்து ஆப்பிளை அறிந்தவர்களுக்கு நம்புவது கஷ்டம். 1997 நிதியாண்டில் மட்டும் அந்த நிறுவனத்துக்கு 100 கோடி டாலருக்கும் மேல் நஷ்டம். ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் டெல் நிறுவனத்தின் தலைவர் மைக்கேல் டெல்லிடம், "ஆப்பிள் உங்கள் கையில் இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று ஒரு மேடையில் கேட்டார்கள். மூடிவிட்டு, பங்குதாரர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்ற அர்த்தத்தில் பதில் சொன்னார் அவர். திவாலாக இன்னும் 90 நாள்கூட இல்லாத நிலை அது என்று ஜாப்ஸே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

நிறுவனத்தின் டிசைன் பிரிவில் ஜோனி ஐவ் என்று ஓர் இளைஞர் இருந்தார். லண்டனில் பிறந்தவர், வெள்ளி வேலைப்பாடு கற்றுக்கொடுத்த ஆசிரியரின் மகன். 1992-ல் ஆப்பிளில் சேர்ந்த அவர், வரைந்ததெல்லாம் வீணாகப் போவதைப் பார்த்து, வேலையை விட்டுவிடும் யோசனையில் இருந்தார். அந்த நேரத்தில்தான் ஜாப்ஸ் திரும்பி வந்தார். ஐவ் தங்கிவிட்டார். ஐமேக்கின் உருவம் அவரும் அவருடைய குழுவும் தந்தது. பிளாஸ்டிக் வழியே வெளிச்சம் ஊடுருவினாலும் மலிவாகத் தெரியக் கூடாது என்பதற்காக, கண்ணாடி போல மின்னும் மிட்டாய்களைச் செய்யும் தொழிற்சாலைக்கே போய்ப் பார்த்து வந்தார்கள். வெளிக்கூடு ஒன்றுக்கு ஆன செலவு மட்டும் சுமார் 60 டாலர். சாதாரணப் பெட்டிக்கு ஆவதைப்போல மூன்று மடங்கு.

கடனில் தத்தளிக்கும் வீட்டில், "வாசலுக்கு நல்ல பெயின்ட் அடிப்போம்" என்று ஒருவர் சொன்னால் மற்றவர்கள் எப்படிப் பார்ப்பார்கள்? அப்படித்தான் பார்த்தார்கள்.

முதலில் முகம் சுளித்தவர் முதலாளிதான்!

வெளியுலகம் பார்ப்பதற்கு முன்பே, இந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்து கோபப்பட்டவர் ஒருவர் உண்டு. அவர் ஸ்டீவ் ஜாப்ஸ்.

பெயரிலேயே தகராறு. 'மேக்மேன்' என்பது ஜாப்ஸ் விரும்பிய பெயர். விளம்பர நிறுவனத்தைச் சேர்ந்த கென் சீகல் 'ஐமேக்' என்று சொன்னபோது அவருக்குப் பிடிக்கவில்லை. மறுபடியும் எடுத்துச் சொன்ன பிறகுதான் மெல்ல மெல்ல மனம் மாறினார். பின்னால் ஐபாட், ஐபோன், ஐபேட் என்று நீண்ட வரிசைக்கு அந்த ஒற்றை எழுத்துதான் பிள்ளையார் சுழி.

அடுத்தது சி.டி டிரைவ். அறிமுக விழாவின் ஒத்திகையில் ஜாப்ஸ் முன்பக்கப் பொத்தானை அழுத்தினார். சி.டி வைப்பதற்கான தட்டு வெளியே நீண்டது. அவர் மனதில் வைத்திருந்ததோ, கார் ஸ்டீரியோவில் இருப்பது போல சி.டி-யை அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும் மெல்லிய பிளவு. கோபத்தில் விழாவையே நிறுத்திவிடும் அளவுக்குப் போனார். அடுத்த மாடலில் மாற்றித் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் சமாதானமானார். 1999 அக்டோபரில் அப்படியே மாற்றினார்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சி.டி-யில் பாட்டைப் பதிவு செய்யும் டிரைவ்கள் முதலில் அந்தத் தட்டு வகையில்தான் வந்தன. 2000-ம் ஆண்டில் இளைஞர்கள் எல்லோரும் பிடித்த பாட்டுகளைச் சேர்த்து சொந்த சி.டி எழுதிக்கொண்டிருந்தபோது, ஐமேக்கில் அந்த வசதி இல்லை. 2001-ல்தான் வந்தது. அந்த அலையைத் தவறவிட்டோம் என்று ஜாப்ஸே ஒப்புக்கொண்டார். பொருளை உருவாக்கியவரின் முதல் அபிப்பிராயமும் சறுக்கலாம்!

பத்திரிகைகளின் ஜோசியம்

இனி வெளியே வந்த எதிர்வினைகள். அப்போது எல்லோரும் கோப்புகளை எடுத்துச் செல்வது ஃப்ளாப்பியில்தான். (இளம் வாசகர்களுக்கு: உங்கள் கம்ப்யூட்டரில் 'சேவ்' செய்யும் இடத்தில் ஒரு சின்ன சதுரப் படம் இருக்கிறதே, அதுதான் ஃப்ளாப்பி. மொத்தக் கொள்ளளவு 1.44 எம்பி. இன்று உங்கள் போனில் எடுக்கும் ஒரு போட்டோகூட அதில் அடங்குவது சந்தேகம்.) மாணவரின் ப்ராஜெக்ட், கணக்காளரின் பேரேடு, எழுத்தாளரின் நாவல் எல்லாம் அதில்தான். அதைப் போடவே இடமில்லாத கம்ப்யூட்டரை யார் வாங்குவார்கள்?

கேள்வி நியாயமானது. பழைய பிரின்டர், ஸ்கேனர்களை இணைக்கும் துளைகளும் ஐமேக்கில் இல்லை. அதற்குப் பதில், யுஎஸ்பி என்ற புதிய துளை இரண்டு. அதில் மாட்டுவதற்குக் கடையில் அப்போது பொருள்களே குறைவு. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆப்பிள் பக்தர்கள் தவிர வேறு யாரும் வாங்க மாட்டார்கள் என்று பாஸ்டன் நாளிதழ் ஒன்றின் தொழில்நுட்பக் கட்டுரையாளர் எழுதினார். விலை 1,299 டாலர். 1,000 டாலருக்குள் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் கிடைக்க ஆரம்பித்திருந்த நேரம் அது. மைக்ரோசாஃப்ட்டின் பில் கேட்ஸ், ஆப்பிள் இப்போது முன்னணியில் இருப்பது நிறத்தில் மட்டும்தான், அதை எட்டிப்பிடிக்க எங்களுக்கு நாளாகாது என்று கிண்டலடித்தார்.

வாங்கியவர்கள் யார்?

1998 ஆகஸ்ட் 15-ம் தேதி ஐமேக் விற்பனைக்கு வந்தது. முதல் ஆறு வாரங்களில் 2,78,000 விற்றது. அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 8 லட்சம்.

எண்ணிக்கையைவிட முக்கியமான தகவல் இன்னொன்று. வாங்கியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர், அதுவரை கம்ப்யூட்டரே வாங்காதவர்!

அவர்களிடம் ஃப்ளாப்பி பெட்டி கிடையாது. பழைய பிரின்டர் கிடையாது. 'இது இல்லையே' என்று ஏங்க அவர்களிடம் எதுவும் இல்லை. அவர்களுக்கு இருந்தது வேறு பிரச்னை: பயம். எந்த வயரை எதில் மாட்டுவது, எதைத் தொட்டால் எது கெட்டுப்போகும் என்ற பயம்.

ஐவ் அந்தப் பயத்தைத்தான் குறிவைத்தார். ஐமேக்கின் தலையில் ஒரு கைப்பிடி வைத்தார். 17 கிலோ எடையுள்ள அதை யாரும் தினமும் தூக்கிக்கொண்டு நடக்கப்போவதில்லை. அந்தக் கைப்பிடி தூக்குவதற்காக அல்ல. 'என்னைத் தொடலாம்' என்று சொல்வதற்காக. முன்பக்கத்தில் இரண்டு ஹெட்போன் துளைகள், இரண்டு பேர் சேர்ந்து பாட்டு கேட்கலாம் என்பதற்காக. இதெல்லாம் விமர்சனக் கட்டுரைகளின் அட்டவணையில் இடம்பெறாத விஷயங்கள். ஆனால், வாழ்க்கையில் முதல்முறையாகக் கம்ப்யூட்டர் கடைக்குள் நுழைகிறவரின் கண்ணில் முதலில் படுவது இவைதான்.

ஆப்பிள் ஒரு விளம்பரமும் எடுத்தது. 7 வயது சிறுவன் தன் நாயோடு சேர்ந்து ஐமேக்கைப் பிரித்து இன்டர்நெட்டில் இணைய வேண்டும். எம்.பி.ஏ மாணவர் ஒருவர் சாதாரண கம்ப்யூட்டரில் அதையே செய்ய வேண்டும். சிறுவன் சுமார் 8 நிமிடங்களில் முடித்தான். மாணவருக்கு அதைப்போல மூன்று மடங்கு நேரமானது. விளம்பரம்தான், உப்புக் கூட்டித்தான் காட்டுவார்கள். ஆனாலும் அது யாருக்காகப் பேசியது என்பது பார்த்தவர்களுக்குப் புரிந்தது.

குறை சொன்னவர்கள் எல்லாம் தோற்றார்களா?

இந்த இடத்தில் கதையை முடித்தால், 'விமர்சகர்கள் முட்டாள்கள், மேதை வென்றார்' என்று ஆகிவிடும். உண்மை அப்படி இல்லை.

ஐமேக்கோடு வந்த மவுஸை எடுத்துக்கொள்ளுங்கள். வட்டமாக, பிஸ்கட் மாதிரி அழகாக இருந்தது. பிரச்னை, வட்டத்துக்கு மேல் எது, கீழ் எது? கையில் பிடித்தால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்றே தெரியாது. நேராக நகர்த்தினால் திரையில் அம்புக்குறி கோணலாக ஓடும். கை வலிக்கிறது என்று வாங்கியவர்கள் புலம்பினார்கள். அதன் மேல் மாட்டி, நீள மவுஸாக மாற்றுவதற்கென்றே பிளாஸ்டிக் மூடிகளை வேறு நிறுவனங்கள் விற்றன! ஆப்பிள் பொத்தானில் ஒரு சின்னக் குழி வைத்துப் பார்த்தது, போதவில்லை. கடைசியில் 2000 ஜூலையில் அந்த மவுஸையே மாற்றியது. அந்தப் புகார் முழுக்க முழுக்க உண்மை.

இன்னொன்று மோடம். மே மாதம் அறிவித்தபோது அதன் வேகம் நொடிக்கு 33.6 கிலோபிட் என்றார்கள். சந்தையில் 56 வந்துவிட்ட நேரம். இன்டர்நெட்டுக்காகவே செய்த கம்ப்யூட்டர் என்று சொல்லிக்கொண்டு பழைய வேகமா என்று எதிர்ப்பு கிளம்பியது. விற்பனைக்கு வருவதற்கு முன்பே 56-ஆக மாற்றிவிட்டார்கள். குரல் கொடுத்ததால் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் லாபம்.

அப்படியென்றால் ஃப்ளாப்பி? அதைத்தான் காலம் ஆப்பிள் பக்கம் தீர்ப்பெழுதியது. மற்ற நிறுவனங்களும் ஒவ்வொன்றாக அதைக் கைவிட்டன. சோனி 2011-ல் விற்பனையை நிறுத்தியது. அரசு விண்ணப்பங்களை ஃப்ளாப்பியில் தர வேண்டும் என்ற பழைய விதிகளை ஜப்பான் நீக்கி முடித்தது 2024-ல்தான்! யுஎஸ்பி துளைக்கும் அதன் பிறகு யோகம். ஐமேக்குக்குப் பொருத்தமான நீல நிறத்திலேயே பிரின்டர்களும், வெளியே இருந்து மாட்டும் ஃப்ளாப்பி டிரைவ்களும் வந்தன.

ஆனால் இதற்கும் ஒரு விலை இருந்தது என்பதை மறக்கக் கூடாது. எதிர்காலம் வரும்வரை, தன் பழைய கோப்புகளைத் திறக்கக் கூடுதல் பணம் கொடுத்து தனி டிரைவ் வாங்கியவர் சாதாரண வாடிக்கையாளர்தான். தீர்க்கதரிசனத்துக்கான பில் எப்போதும் தீர்க்கதரிசியின் மேஜைக்கு வருவதில்லை.

இன்றும் தொடரும் கேள்விகள்

1999 ஜனவரியில் ஐமேக் ஐந்து நிறங்களில் வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பழத்தின் பெயர். அதே ஆண்டு இமெஷின்ஸ் நிறுவனம் கிட்டத்தட்ட அதேபோன்ற நீலக் கம்ப்யூட்டரைக் கொண்டுவர, ஆப்பிள் நீதிமன்றத்துக்குப் போனது. கேலி செய்த நிறத்தைக் காப்பியடிக்கும் நிலைக்குச் சந்தை வந்திருந்தது.

2021 ஏப்ரலில், 24 அங்குல ஐமேக் மறுபடியும் ஏழு நிறங்களில் வந்தது. தடிமன் வெறும் 11.5 மில்லிமீட்டர். ஹெட்போன் பின் 14 மில்லிமீட்டர் நீளம் என்பதால், அதைப் பின்பக்கம் குத்த இடமில்லாமல் பக்கவாட்டில் துளை வைத்தார்கள். உடனே வந்தன எதிர்வினைகள். திரைக்குக் கீழே ஏன் இவ்வளவு பெரிய 'தாடை'? விளிம்பு ஏன் வெள்ளை? மேஜை மேல் வைக்கும் பொருளுக்கு இவ்வளவு ஒல்லி எதற்கு?

இவற்றுக்கு நடுவே பழைய கேள்வி ஒன்று இன்னும் பதிலுக்காகக் காத்திருக்கிறது. எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் கம்ப்யூட்டரில், ஒரு பாகம் கெட்டால் என்ன செய்வது? தனித்தனியாக இருந்தால் மானிட்டரை வைத்துக்கொண்டு பெட்டியை மட்டும் மாற்றலாம். இதில் உள்ளே இருக்கும் சிப் பழசாகிவிட்டால், பளிச்சென்று இருக்கும் திரையும் சேர்ந்து ஓய்வு பெறுகிறது. ஒருகாலத்தில் சில ஐமேக் மாடல்களில் கேபிள் மாட்டி, வேறு கம்ப்யூட்டருக்குத் திரையாகப் பயன்படுத்த முடிந்தது. 2014 இறுதியில் வந்த 5கே மாடலிலிருந்து அந்த வசதியும் இல்லை. வயர் தொல்லை இல்லாத நிம்மதிக்கு நாம் தரும் விலை இது. வாங்கும் நாளில் தெரியாது. ஐந்தாறு வருடம் கழித்துத் தெரியும்.

அதனால், புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வந்ததும் குவியும் அபிப்பிராயங்களை ஒரே தட்டில் வைத்து எடை போடாதீர்கள். "பழைய வசதி இல்லையே" என்பவர், தன்னிடம் இருப்பதை இழக்கிறவர். அவர் வருத்தம் உண்மை. ஆனால் உங்களிடம் அந்தப் பழைய பொருள் இல்லையென்றால், அது உங்கள் வருத்தம் அல்ல. "கை வலிக்கிறது" என்பவர், பயன்படுத்திப் பார்த்தவர். அவர் பேச்சைத் தட்டாதீர்கள். "அழகாக இருக்கிறது" என்பவர் இன்னும் பெட்டியை முழுதாகப் பிரிக்காதவராக இருக்கலாம்.

இந்த மூன்று பேரையும் கேட்டுவிட்டு, வீட்டில் கம்ப்யூட்டரைத் தொடவே தயங்கும் ஒருவர் இருந்தால், அம்மாவோ தாத்தாவோ, அவரை அதன் முன் உட்கார வைத்துப் பாருங்கள். அவர் கை தானாக நீள்கிறதா? எந்த விமர்சனக் கட்டுரையும் தராத பதில், அதில் கிடைக்கும்.