முதலில் உட்காரு

மயிலாப்பூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு மாடி அறை. பாயில் ஐந்தாறு பிள்ளைகள். வயலின் வகுப்பைப் பார்க்கத்தான் போனேன். நெடுநேரம் யாரும் வில்லைத் தொடவேயில்லை. உட்காரக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார் ஆசிரியை.

சம்மணம் போட்டு, வலது பாதத்தைச் சற்று முன்னால் தள்ள வேண்டும். வயலினின் சுருள் முனை வலது கணுக்காலருகே அமரும். அகன்ற பக்கம் இடது தோளுக்குக் கீழே மார்பில் சாயும். "இப்போ இடது கையை எடு" என்றார் புதிதாகச் சேர்ந்த சிறுமியிடம். எடுத்தாள், வயலின் சரிந்தது. அவள் காலை ஒரு விரற்கடை நகர்த்தி வைத்து மறுபடி எடுக்கச் சொன்னார். இம்முறை நின்றது. "கை தாங்கறதுக்கு இல்லடி கண்ணு, ஓடறதுக்கு."

மேற்கத்திய முறையில் தாடைக்கும் தோளுக்கும் நடுவே வயலினை இடுக்கிக்கொள்கிறார்கள். பாலுஸ்வாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் கற்று நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்த வாத்தியம், பாடகருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தபோது பிடியும் மாறிப்போனது. தோடி ராகத்தின் காந்தாரத்தை அசைக்க, ஒரே விரலில் ஜாரு இழுக்க, கை தந்திமேல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். அதற்காகவே விரல் நுனியில் துளி தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொள்பவர்கள் உண்டு. கட்டைவிரல் வயலினின் கழுத்தை நெரித்தால் கமகம் வராது, மணிக்கட்டு வலிதான் வரும்.

அப்புறம் வில். பெருவிரல் லேசாக மடங்கியிருக்க வேண்டும். சுண்டுவிரல் குச்சியின் மேல் வளைந்து நிற்க வேண்டும். ச-ப-ச-ப என்று சேர்த்த நான்கு தந்திகளிலும் விரல் வைக்காமல் நீள நீளமாக இழுப்பு, வில்லின் அடியிலிருந்து நுனிவரை. தந்திகளைத் தாங்கும் குதிரைக்கு இணையாகப் போக வேண்டிய வில், முழங்கை பின்னால் போனதும் கோணலாகிவிடுகிறது, நாதம் காற்றாகிறது. பயந்து அழுத்தினால் கீச்சிடும். இதற்காகவே பிள்ளைகளைக் கண்ணாடி பீரோவுக்கு எதிரே உட்கார்த்தி வைத்திருக்கிறார். கையைச் சொல்லித் திருத்துவதைவிட அதுவே பார்த்துத் திருந்துவது சீக்கிரம் நடக்கிறதாம்.

ஆனால் இடது கையைப் பார்க்கக் கூடாது. குனிந்தால் கழுத்து போகும், முதுகும் கூனும். வீணையைப் போல இதில் மெட்டு கிடையாது. ஸ்வர ஸ்தானத்தைக் காதுதான் பிடிக்க வேண்டும். விரல் பலகையில் வண்ண ஸ்டிக்கர் ஒட்டுவது அவருக்குப் பிடிக்காது. தொடக்கத்தில் ஒட்டினால் என்ன குறைந்துவிடும் என்பது என் கட்சி. அவரிடம் அதைச் சொல்லவில்லை.

ஒரு பையன் கால் மரத்துவிட்டதென்று நெளிந்தான். உடனே எல்லோரையும் எழுப்பி நடக்கவிட்டார். வலியோடு சாதகம் செய்தால் வலியும் பழகிவிடும் என்று பெற்றோரிடம் சொல்வாராம். ஒரேயடியாக ஒரு மணி நேரம் வேண்டாம், கால்மணி நேரமாகப் பிரித்துக்கொள்ளட்டும்.

மூலையில் பணி ஓய்வு பெற்ற ஒருவரும் மாணவர். முட்டி மடங்காததால் அவருக்கு இரண்டு ஜமக்காளத்தை மடித்துப் போட்டிருந்தார்கள். "கீர்த்தனை எப்போம்மா?" என்றார்.

"சரளி வரிசை மூணு காலத்திலயும் வரட்டும் சார். தோளை இறக்குங்கோ."