கையெழுத்துக்கு ஒரு விலை

திங்கள்

தொலைக்காட்சி நடிகரை நேரில் பார்க்கக் காசு கட்டுவதைப் போலக் கேலிக்கு வசதியான காரியம் வேறில்லை. அமெரிக்காவில் நடக்கும், ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளித் தொடரின் ரசிகர் மாநாட்டையே எடுத்துக்கொள்ளலாம். நுழைவுச்சீட்டுக்குத் தனி, போட்டோவுக்குத் தனி, கையெழுத்துக்குத் தனி என்று வசூல். நடிகர் உட்காரும் மேசையில் விலைப்பட்டியல் நிற்கிறது. பக்கத்தில் ஓர் உதவியாளர் பணத்தை எண்ணி வாங்கிக்கொள்கிறார். போட்டோ அறையில் இன்னும் அவசரம். கல்யாண வரவேற்பு மேடையிலாவது மாப்பிள்ளையிடம் இரண்டு வார்த்தை பேசலாம். இங்கே கைப்பையை ஓர் ஓரமாக வைத்துவிட்டு, நடிகருக்குப் பக்கத்தில் போய் நின்று, பளிச்சென்று வெளிச்சம் அடித்ததும் மறுபக்கம் இறங்கிவிட வேண்டும். எல்லாம் சில விநாடிகள். இதற்காகத் தொடரில் வரும் ஸ்பாக்கைப் போலக் காதில் ரப்பர் முனை ஒட்டிக்கொண்டு வெளியூரிலிருந்து விமானம் ஏறி வருகிறார்கள். 1986 டிசம்பரில் ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியில், கேப்டன் கிர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னரே இந்த ரசிகர்களைப் பார்த்துப் பிழைப்பைப் பாருங்கள் என்று திட்டுவது போல ஒரு காட்சி வந்தது. நாடே சிரித்தது.

என் கட்சி வேறு. நடிகருக்கும் பார்வையாளருக்கும் இடையில் நடக்கும் கொடுக்கல் வாங்கல்களில் மிக நேர்மையானது இந்த வரிசைதான் என்று நினைக்கிறேன். அதை நேர்மையாக வைத்திருப்பவை, எல்லோரும் கேலி செய்யும் விலைப்பட்டியலும் கடிகாரமும்தான். டொனால்ட் ஹார்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1956ஆம் ஆண்டிலேயே இந்த உறவைப் பற்றி எழுதிவிட்டார்கள்: திரையில் வருபவரைப் பார்ப்பவருக்கு நன்றாகத் தெரிந்தவர் போலத் தோன்றுகிறது, திரையில் வருபவருக்கோ பார்ப்பவர் இருப்பதே தெரியாது. வாரம் தவறாமல், வீட்டுக் கூடத்தில், சாப்பாட்டு நேரத்தில் ஒரு முகம் வந்து பேசினால் அப்படித்தான் ஆகும். அந்தப் பழக்கத்தை உண்டாக்கி, அதை விளம்பரதாரருக்கு விற்றுக் காசாக்கியது தொலைக்காட்சி. ரசிகர் கண்ணில் அந்தக் கணக்கு படுவதில்லை. மாநாட்டிலோ விலை எழுதி ஒட்டியிருக்கிறது. பொய்யான நெருக்கம் எது என்று கேட்டால், நான் முதலில் கை காட்டுவது கூடத்தில் இருக்கும் பெட்டியை.

புதன்

வரலாற்றைப் பார்த்தால் இந்த வாதம் இன்னும் பலப்படுகிறது. ஸ்டார் ட்ரெக் 1966 செப்டம்பரில் என்பிசி தொலைக்காட்சியில் தொடங்கியது. இரண்டாம் ஆண்டிலேயே நிறுத்தப்போகிறார்கள் என்று பேச்சு வந்தபோது, பிஜோ டிரிம்பிள், ஜான் டிரிம்பிள் தம்பதி முன்னின்று ரசிகர்களைக் கடிதம் எழுத வைத்தார்கள். வந்து குவிந்த கடிதங்களைத் தாங்காமல், தொடர் தொடரும் என்று 1968 மார்ச் 1 அன்று ஒளிபரப்பிலேயே அறிவிக்க வேண்டியதாயிற்று. ஆனாலும் மூன்றாம் ஆண்டில் அதை வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தள்ளினார்கள். இளைஞர்கள் வீட்டில் இல்லாத நேரம் அது. 79 பகுதிகளோடு 1969இல் கதை முடிந்தது.

முடிந்த பிறகுதான் சுவாரஸ்யம். ஊர் ஊராக உள்ளூர் நிலையங்கள் அந்த 79 பகுதிகளையும் திரும்பத் திரும்பப் போட்டன, பார்த்தவர்கள் பெருகினார்கள். 1972 ஜனவரியில் நியூயார்க்கின் ஸ்டாட்லர் ஹில்டன் ஓட்டலில் சில ரசிகர்கள் ஒரு கூட்டம் போட்டார்கள். சில நூறு பேர் வருவார்கள் என்று நினைத்த இடத்தில் மூவாயிரத்துக்கும் மேல் வந்தார்கள். மேடையில் இருந்தவர்கள் யார்? தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி, கதைகளை எழுதிய டி.சி. ஃபான்டானா, அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசக் அசிமோவ். நாசா கண்காட்சிப் பொருள்கள் அனுப்பியிருந்தது. நடிப்பவர் என்று பார்த்தால் நர்ஸ் வேடத்தில் வந்த, ராடன்பெரியின் மனைவி மேஜல் பாரெட். கிர்க்காகவும் ஸ்பாக்காகவும் நடித்தவர்கள் அந்தப் பக்கமே வரவில்லை. ஆக, கூட்டம் முதலில் கூடியது நடிகரைத் தரிசிக்க இல்லை. தன்னைப் போலவே கிறுக்குப் பிடித்த இன்னொருவரைக் காண. ஜேம்ஸ் டூஹான், ஜார்ஜ் டகேய் போன்ற நடிகர்கள் அடுத்த ஆண்டிலிருந்துதான் விருந்தாளிகளாக வரத் தொடங்கினார்கள். வீடு ரசிகர்களுடையது என்பதை மறந்துவிட்டு வரிசையை மட்டும் பார்ப்பதால்தான் இது பக்தியாகத் தெரிகிறது.

காசு விஷயமும் இங்கேதான் தெளிகிறது. அறுபதுகளின் ஒப்பந்தப்படி மறுஒளிபரப்பில் முதல் சில தடவைகளுக்கு மட்டும் நடிகருக்குப் பங்கு உண்டு. எத்தனை முறை போட்டாலும் அத்தனை முறையும் பங்கு என்பதை நடிகர் சங்கம் வாங்கியது 1974 ஒப்பந்தத்தில். பழைய தொடர்களுக்கு அது உதவவில்லை. ஸ்டார் ட்ரெக் பெரும்புகழ் அடைந்ததோ மறுஒளிபரப்பில். நிலையங்கள் சம்பாதித்தன, தயாரித்த நிறுவனம் சம்பாதித்தது, முகம் கொடுத்தவர்களுக்கு மட்டும் அந்த முதல் சில தடவைகளுக்குப் பிறகு ஒன்றுமில்லை. பொறியாளர் ஸ்காட்டியாக வந்த டூஹானுக்கு அந்த வேடம் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. வேறு வாய்ப்பு கிடைப்பது குதிரைக்கொம்பாகி, இப்படி நேரில் தோன்றிக் கிடைத்த வருமானத்தில்தான் காலம் தள்ளினார். கையெழுத்து மேசையில் ரசிகர் வைக்கும் நோட்டு, தொலைக்காட்சி பாக்கி வைத்த கூலி என்றே எனக்குப் படுகிறது. அதைப் பிச்சை என்பவர்களும் உண்டு, கொள்ளை என்பவர்களும் உண்டு. ஒரே காசு ஒரே நேரத்தில் இரண்டாகவும் இருக்க முடியாது.

வெள்ளி

டூஹான் பற்றி இன்னொன்று. 1997இல் வந்த 'ட்ரெக்கீஸ்' ஆவணப்படத்தில் அவரே சொல்கிறார். ஓர் இளம்பெண்ணிடமிருந்து கடிதம் வருகிறது. படித்தால் தற்கொலைக் குறிப்பு. அவளைத் தொலைபேசியில் பிடித்து, இண்டியானாபொலிசில் ஒரு மாநாட்டுக்கு வருகிறேன், நீ அங்கே வந்து என்னைப் பார்க்க வேண்டும் என்கிறார். வருகிறாள். பார்த்துப் பேசிவிட்டு, அடுத்து இன்ன ஊருக்குப் போகிறேன், அங்கேயும் வா என்கிறார். இப்படியே ஊர் ஊராக இரண்டு மூன்று ஆண்டுகள். பிறகு தொடர்பு அறுந்துபோகிறது. பல வருடம் கழித்து ஒரு கடிதம்: மின்னணுப் பொறியியலில் முதுகலைப் பட்டம் வாங்கிவிட்டேன், நன்றி. இதைச் சொல்லும்போது அந்த முதியவரின் குரல் தழுதழுக்கிறது.

ஆயிரத்தில் ஒன்று, இதை வைத்து மாநாட்டுக்கு வக்காலத்து வாங்கலாமா என்று கேட்பார்கள். நடிகர் வைத்தியரில்லை, அந்த வேலையை அவர் தலையில் கட்டுவதும் ஆபத்து, ஒப்புக்கொள்கிறேன். நான் பார்ப்பது அவருடைய நல்ல மனசை அல்ல, அவருக்குக் கைகொடுத்த ஏற்பாட்டை. தேதி, ஊர், மேசை மூன்றும் முன்கூட்டியே அச்சாகிவிட்டதால்தான் அவரால் அடுத்த முறை என்று ஒன்றைச் சொல்ல முடிந்தது. என் வீட்டுக்கு வா என்று சொல்லவில்லை, ஆயுள் முழுக்க நட்பாக இருப்பேன் என்று சொல்லவில்லை. நிறைவேற்றக்கூடிய அளவுக்கு மட்டும் வாக்குக் கொடுத்தார், நிறைவேற்றினார்.

எதிர்த் திசையில், மாநாடு நடிகரை மாற்றியதும் நடந்திருக்கிறது. உஹுராவாக நடித்த நிஷல் நிக்கல்ஸ் 1975இல் சிகாகோ மாநாட்டுக்கு விருந்தாளியாகப் போனபோது, நாசா விஞ்ஞானி யெஸ்கோ ஃபான் புட்காமரின் உரையைக் கேட்டார். விண்வெளிக்குப் போகிறவர்களில் பெண்கள் எங்கே, கறுப்பர்கள் எங்கே என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. 1977இல் நாசாவுக்காக அவர்களிடையே ஆள்சேர்ப்புப் பிரசாரத்தில் இறங்கினார். 1978இல் விண்வெளி வீரர்களாகத் தேர்வான 35 பேரில் ஆறு பெண்கள், மூன்று கறுப்பர்கள். பின்னாளில் விண்வெளிக்குப் போன சாலி ரைடும் கயன் ப்ளூஃபோர்டும் அதில்தான் வந்தார்கள். எல்லாம் அவர் ஒருவராலே என்று சொல்வது மிகை. ஆனால் மாநாட்டில் மாறிப்போவது ரசிகர் மட்டும்தான் என்பவர்களுக்கு இது பதில்.

சனி

நடிகரையும் பாத்திரத்தையும் குழப்பிக்கொள்ள வைக்கிறது மாநாடு என்பது அடுத்த குற்றச்சாட்டு. எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. டூஹான் இரண்டாம் உலகப்போரில், 1944இல் நார்மண்டிக் கரையிறக்கத்தின்போது குண்டடிபட்டு வலது கையின் நடுவிரலை இழந்தவர். தொடரில் கேமராக் கோணத்தாலும் வேறொருவர் கையைக் காட்டியும் அதைப் பெரும்பாலும் மறைத்தார்கள். கையெழுத்து மேசையில் மறைக்க ஆளிருக்கவில்லை. எதிரே நின்றவர் பார்த்தது விண்கலப் பொறியாளரை அல்ல, பெயருக்கு எந்த எழுத்து என்று குனிந்து கேட்ட, ஒரு விரல் இல்லாத பழைய சிப்பாயை. மயக்கம் வளர்வது தூரத்தில். ஸ்பாக்காக நடித்த லியனார்ட் நிமாய் 1975இல் நான் ஸ்பாக் இல்லை என்ற பொருளில் ஒரு நூலுக்குப் பெயர் வைத்தார். இருபது ஆண்டு கழித்து நான் ஸ்பாக்தான் என்று இன்னொன்று எழுதினார். குழம்பியவர்கள் ரசிகர்கள் மட்டுமில்லை போலிருக்கிறது.

நடிகர் வேறு, பாத்திரம் வேறு என்பதற்கு இன்னொரு சாட்சி: 2023இல் ஹாலிவுட் நடிகர் சங்க வேலைநிறுத்தத்தின்போது மாநாடுகளுக்கு வந்த பலர், நிறுவனங்களின் தொடர்களைப் பற்றி வாய் திறக்காமல் தவிர்த்தார்கள். கதையும் பாத்திரமும் நிறுவனத்தின் சொத்து. நடிகருக்குச் சொந்தம் அவருடைய முகமும் நேரமும் மட்டுமே. மாநாட்டில் அவர் விற்பதும் அவ்வளவே.

ஞாயிறு

மிச்சமிருக்கும் ஆட்சேபம் ஒன்று, அதுதான் கனமானது. காசில்லாதவர் என்ன செய்வார்? மாநாடுகளை ரசிகர் குழுக்களிடமிருந்து தொழில்முறை நிறுவனங்கள் எடுத்துக்கொண்ட பிறகு முன்வரிசைக்கு ஒரு விலை, நடுவரிசைக்கு ஒரு விலை, தங்க அட்டை, வெள்ளி அட்டை என்று படிநிலைகள் வந்துவிட்டன. இதற்கு என் வாதத்தில் இடமில்லை. கையெழுத்துக்கும் போட்டோவுக்கும் நடிகர் உழைக்கிறார், கூலி நியாயம். முன்வரிசை நாற்காலிக்கு அவர் என்ன கூடுதலாக உழைக்கிறார்? அங்கே விலைபோவது அவர் நேரமல்ல, பின்னால் இருப்பவரைவிட நான் கிட்டத்தில் இருக்கிறேன் என்ற பெருமை. கேள்வி கேட்கும் ஒலிவாங்கியையும் அட்டைதாரருக்கு ஒதுக்கினால், ரசிகர்கள் கட்டிய வீட்டில் ரசிகரையே வாடகைக்கு வைத்த கதைதான். நாற்காலிக்குப் படிநிலை வேண்டுமானால் இருந்துவிட்டுப் போகட்டும். ஒலிவாங்கி முன்னால் வரிசை ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதை ஏற்பாட்டாளர்கள் விதியாக வைக்க வேண்டும்.

ஷாட்னரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ரசிகர்களைத் திட்டிய அதே வசனத்தையே தலைப்பாக்கி 1999இல் மாநாடுகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். இவர்கள் ஏன் வருகிறார்கள் என்று அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதியது. அந்தக் கேள்வியை அவர் முதலிலேயே கேட்டிருக்கலாம்.

போக நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கையில் இருப்பது ஒன்றுக்குத்தான் போதும் என்றால் போட்டோவை விட்டுவிடுங்கள், கையெழுத்தை வாங்குங்கள். போட்டோ அறையில் பேச விடமாட்டார்கள். மேசையில், பெயரை எழுதி முடிக்கும் வரையாவது, ஒரு கேள்வி கேட்கலாம்.